கட்டைவிரலில் போன ஊசி

பள்ளிக்கூட நர்ஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கான பயிற்சி வகுப்பில் இருபது நர்ஸுகள் இருந்தார்கள். நோயாளி ஒருவர்கூட இல்லை. எல்லாருக்கும் கை பரபரத்தது. ஐசியூ அக்காவுக்குக் கூடுதலாகவே. தீவிர சிகிச்சைப் பிரிவில் வருஷக்கணக்காக நைட் ட்யூட்டி பார்த்தவர். மானிட்டர் கத்தாத அறையில் அவருக்கு உட்காரவே தெரியாது. இன்று தேறினால் திங்கள் முதல் பள்ளிக்கூடம், பகல் வேலை. தேறாவிட்டால் மறுபடி நைட் ட்யூட்டி. அவருடைய மகள், பகலெல்லாம் தூங்கும் அம்மாவை இதுவரை போர்வையாகத்தான் பார்த்திருக்கிறாள்.

“ஸ்கூல்ல அவசரப்படக்கூடாது” என்று பயிற்சி மேடம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார், அவசரமே படாமல்.

மேசைத் தட்டில் அட்ரினலின் பேனாக்கள். ஒவ்வாமையால் குழந்தைக்கு மூச்சு முட்டினால் தொடையில் வைத்து அழுத்த வேண்டியவை. எல்லாம் ஊசியில்லாத பயிற்சிப் பேனாக்கள். வித்தியாசம் காட்ட நிஜப் பேனா ஒன்று.

“இதுல நிஜம் எதுன்னா...” என்று மேடம் வாயெடுப்பதற்குள் அக்கா ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, தலைகீழாகப் பிடித்து, ஊசி வரும் முனையைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டார்.

நிஜம் எதுவென்று அவருக்கு மட்டும் தெரிந்துவிட்டது.

பேனா கைப்பைக்குள் போனது. கை கோட்டுப் பைக்குள் போனது. மேடம் தட்டைக் கிளறி, “இங்கதானே வெச்சேன்... சரி, கார்ல கிடக்கும்” என்று அடுத்த பயிற்சிக்குத் தாவினார். ஒருவர் நர்ஸ், ஒருவர் குழந்தை. நடித்துக் காட்ட வேண்டும். அக்கா குழந்தை. பக்கத்து நாற்காலியில் இருந்த கண்ணாடி போட்ட தம்பி நர்ஸ்.

மருந்து ஏறி அக்காவுக்கு நெஞ்சு தடதடத்தது.

“பாப்பா, என்ன பண்ணுது?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாம எதுக்கு வந்தே?”

“டீச்சர் அனுப்பினாங்க.”

தம்பி இடது மணிக்கட்டில் நாடி பார்த்தான். முகம் மலர்ந்தது. “மேடம்! அக்கா நாடியைக்கூட நடிக்க வைக்கிறாங்க!”

வகுப்பு கைதட்டியது. மேடம் கிட்டே வந்தார். “வலது கை ஏன் வெளியவே வரல? கேளுங்க. பிடிச்சு இழுக்காதீங்க.”

தம்பி தரையில் குந்தினான். “கையைக் காட்டுறியா பாப்பா?”

“மாட்டேன். திட்டுவீங்க.”

“நான் ஏன் திட்டப்போறேன்?”

“நீ இல்லப்பா. அவங்க.”

சொல்லிவிட்டு அக்காவே பயந்துபோனார். பிறகு மெல்லக் கையை வெளியே எடுத்தார். கட்டைவிரல் சுண்ணாம்பு போல வெளுத்து, ஜில்லிட்டிருந்தது. “நிஜப் பேனா கார்ல இல்ல மேடம்.”

நோயாளி கிடைத்துவிட்டார்! ஒருவர் வெந்நீருக்கு ஓடினார், ஒருவர் பிபி பார்த்தார், மூன்று பேர் ஒரே நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். விரல் ஒன்றுதான் என்பதில் பலருக்கு வருத்தம்.

மேடம் திட்டவில்லை. விதிப்படி வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தவர் அக்காவின் கணவர்.

“பயப்பட ஒண்ணுமில்ல சார். உங்க வீட்டம்மா கட்டைவிரல்ல ஊசி போட்டுக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடலாம், வந்து கூட்டிட்டுப் போங்க.”

“அழுதாளா?”

“இல்ல. அடம்தான் பிடிச்சாங்க.”

“அது வீட்லயும் உண்டு மேடம்... வேலை கிடைக்குமா?”

இருபது பேரும் போன் பக்கம் சாய்ந்தார்கள்.

“பயிற்சிப் பேனாவை அடுத்த வாரம் என் முன்னாடி மறுபடி போட்டுக் காட்டணும். ஆனா ஒளிக்கிற பிள்ளை எப்படி முழிக்கும்னு இவங்களுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டாம். திங்கட்கிழமை ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க சார். லேட் பண்ணாம.”