சுவரைப் பார்த்து நிற்பவர்

என் வீட்டுக்காரர் பெயிண்டர். சுவரை மட்டமாக்கப் பூசும் பட்டியைக் கலக்கிக் கொடுப்பதும் உப்புத்தாள் தேய்ப்பதும் என் வேலை. பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கி, இடுப்பில் கை வைத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பார். கேட்டால், "கலர் சேருதான்னு பாக்குறேன்" என்பார். வேலை கொடுத்தவர்கள் அவருக்கு 'ரசிகர்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். கல்யாணத்தன்றுகூட என்னை இவ்வளவு நேரம் பார்க்கவில்லை என்று நான் கிண்டல் செய்வேன். உள்ளூர எனக்குப் பெருமைதான்.

அந்தப் பெருமையை இப்போது எந்தக் குப்பையில் கொட்ட?

மாடிப்படிச் சுவருக்கு பிரைமர் அடிக்கும்போது, சட்டையெல்லாம் வேர்வையில் நனைந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ செய்தார்கள். டாக்டரம்மா என்னை உட்காரவைத்துத் திரையில் படத்தை ஓட்டிக் காட்டினார்.

"இது இதயத்தோட இடது பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய். முழுசா அடைச்சிருக்கு. இன்னைக்கு நேத்து அடைச்சதில்ல."

"முழுசா அடைச்சா, ஆள் எப்படி டாக்டர் நடமாடினாரு?"

இன்னொரு படம் ஓடியது. வலது குழாயில் செலுத்திய மருந்து, தலைமுடி போன்ற கோணல்மாணலான இழைகளில் ஊர்ந்துபோய், அடைபட்ட குழாயின் மறுமுனையில் தலைகாட்டியது.

"இந்தச் சின்னக் குழாய்ங்க பலருக்கும் பிறவியிலேயே உண்டு. சும்மா கிடக்கும். பெரிய குழாய் மெதுவா அடைக்க அடைக்க, ரத்தம் இது வழியா போக ஆரம்பிக்கும். போகப் போக அகலமாகும். உக்காந்திருந்தா இந்த ரத்தம் போதும். ஏணி ஏறினா போதாது, நெஞ்சை இறுக்கும். கொஞ்சம் நின்னா விட்டுடும். இவருக்கு ரொம்ப நாளாவே அப்படி வந்திருக்கணுமே?"

நெஞ்சுவலி என்று ஒரு நாளும் சொன்னதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். 'கொஞ்சம் நின்னா' என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. கலரும் இல்லை, ரசனையும் இல்லை. பாவி மனுஷன், வலி விடுவதற்காக நின்றிருக்கிறார்.

"இப்போ வலது குழாயும் முக்கால்வாசி அடைச்சிடுச்சு" என்றார் டாக்டரம்மா. "அது மூடினா ரெண்டு பக்கமும் போச்சு. உடனே ஆபரேஷன் பண்ணணும். அவர் வேண்டாங்கறார். நீங்க பேசிப் பாருங்க."

பேசினேன். கெஞ்சினேன், திட்டினேன், அழுதேன். அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, லாட்டரி விழுந்தவர்போலச் சிரித்தார்.

"அதுவா ஒரு வழி பண்ணிக்கிச்சுல்ல? இன்னொரு தடவை பண்ணிக்காதா? நெஞ்சைப் பொளந்துட்டா நான் எப்படி ஏணி ஏறுறது?"

"ஏங்க, எந்தக் குழாய் ரத்தம் குடுத்துச்சோ அதுவே அடைக்குது. இனிமே எங்கேருந்து வழி பண்ணும்? உங்க கால்ல விழறேன், சரின்னு சொல்லுங்க."

"வலியே இல்லைடி எனக்கு."

இந்தப் பொய்யோடுதான் இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவர் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. அவரில்லாத வீட்டை நினைத்த மாத்திரத்தில் அந்த ஆத்திரமும் கழன்றுபோயிற்று.

நர்ஸ் தடுத்தும் கேட்காமல் கழிவறைக்கு நடந்தே போவேன் என்று எழுந்தார். நான் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன். வராந்தாவில் பாதி தூரம் போனதும் நின்றார். இடுப்பில் கை வைத்து, எதிரே இருந்த சுவரைப் பார்த்தார்.

"பட்டி சரியா பாக்கல. மேடும் பள்ளமுமா இருக்கு பாரு."

அவர் பார்த்த சுவரில் தரையிலிருந்து கூரைவரை டைல்ஸ்தான் இருந்தது.

எப்போதும் சொல்வதுபோல, "பாத்தது போதும், வாங்க" என்று நான் சொல்லவில்லை. அவர் முகத்துக்கு நேரே போய் நின்று சுவரை மறைத்தேன்.

"வலிக்குதா?"

அவர் வாய் ஏதோ சமாளிக்கப் பார்த்தது. பிறகு உதடு கோணிக்கொண்டது. நெற்றியில் முத்துமுத்தாக வேர்வை.

"ஆமாடி" என்றார். "ரொம்ப வலிக்குது. டாக்டரைக் கூப்பிடு. பண்ணச் சொல்லு."

அவரைத் தரையில் உட்காரவைத்துவிட்டுக் கத்திக்கொண்டே ஓடினேன். கடவுளைக் கும்பிடத் தோன்றவில்லை. திரையில் பார்த்த அந்த முடியிழைக் குழாய்களிடம்தான் வாய்விட்டுக் கெஞ்சிக்கொண்டு ஓடினேன்: இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமல் தாங்கினீர்களே, நான் திரும்பி வரும்வரை தாங்குங்கள்.