நாலாம் பக்கம், கீழே

ஃப்ரீசர் பெட்டியின் வயரைப் பிளக்கில் சொருகிக்கொண்டிருந்த ஸ்ரீநிதியின் மணிக்கட்டை அம்மா பிடித்தாள்.

“கடைசியா உங்க நைனா இன்னாடி சொன்னாரு? கூட இருந்தவ நீதான.”

காலையிலிருந்து மூன்றாவது முறை கேட்கிறாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு அம்மா மனோரமா டீ வாங்கப் போன பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்திருந்தது.

சொன்னார்தான். அதை எந்த வாயால் சொல்வது?

அப்பா கனகராஜ் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் முப்பது வருடமாகப் பேப்பர் ஏஜென்ட். தொண்டூர்க்காரர்கள் கடலை மூட்டைகளை ரோட்டில் போட்டு மறியல் செய்த பழைய செய்தி ஒன்றை மகளின் ஆராய்ச்சிக்கென்று தேடிப் பிடித்து வெட்டிக் கொடுத்தார். மனுஷன் தேதியையும் பக்கத்தையும் சேர்த்தே வெட்டி எறிந்துவிட்டார். மூலப் பேப்பரும் எடைக்குப் போய்விட்டது.

“எந்தப் பேப்பரு, என்னைக்கு, எத்தனாவது பக்கம், இது இல்லாம அடிக்குறிப்புல போடாதம்மா. ஊர்ப்பேச்சுன்னு தள்ளிடுவாங்க” என்று கைடு கறாராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஐ.சி.யு.விலிருந்து நாளைக்கு வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று டாக்டர் சொன்ன தைரியத்தில், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரிடம் போய் அந்தத் துண்டை நீட்டினாள், படுபாவி.

அவரே ஆக்சிஜன் மாஸ்கை விலக்கினார். “நம்ம பேப்பர்தான்... நீ பத்தாவது படிச்ச வருஷம்... பொங்கல் கழிச்சி வந்த வியாழக்கிழம... நாலாம் பக்கம், கீழ.”

அவள் குனிந்து துண்டின் ஓரத்தில் எழுதினாள். எழுதிவிட்டு நிமிர்ந்தபோது மாஸ்க் அவர் கழுத்திலேயே கிடந்தது.

“என்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கலையாடி?” அம்மா பிடித்த மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

“கேட்டாரும்மா. உங்கம்மா டீ குடிச்சாளான்னு கேட்டாரு.”

மனோரமா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். “நான் டீ குடிச்சேனான்னு கேட்டாராம்.” ஒவ்வொரு தடவையும் ஸ்ரீநிதி எழுந்து உள்ளே போனாள்.

சாயந்திரம் தூக்குவதற்குச் சற்று முன், பேப்பர் நிருபர் ரஞ்சித் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு நோட்டை எடுத்தார். மனோரமா அவரிடமும் சொன்னாள். அவர் ஸ்ரீநிதியைப் பார்த்தார்.

“நீங்கதான் கூட இருந்தீங்களாமே. இப்டியேதான் சொன்னாரா? அச்சுல வரப்போவுது, அதான் கேக்கறேன்.”

இல்லை என்ற சொல் அவளுக்கு நாக்கின் நுனிவரை வந்தது. அம்மா பெட்டியின் கண்ணாடியில் கை வைத்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா” என்றாள்.

மறுநாள் காலை மனோரமா பேப்பரையும் கத்தரிக்கோலையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். மாவட்டச் செய்திகள் வரும் நாலாம் பக்கத்தில், கீழே, சின்னதாக வந்திருந்தது. மனைவி டீ குடித்தாளா என்று கேட்டபடியே உயிர் பிரிந்ததாக எழுதியிருந்தார்கள்.

“அவர மாதிரி வெட்டிடாத. தேதி போயிடப் போவுது.”

ஸ்ரீநிதி தேதியோடும் பக்க எண்ணோடும் நிதானமாக வெட்டினாள். அம்மா அதை வாங்கி, அவளுடைய ஆராய்ச்சி ஃபைலைத் திறந்து, கடலை மறியல் துண்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்த ஃபைலில் தேதியும் பக்கமும் கத்தரிபடாமல் இருந்த துண்டு அது ஒன்றுதான்.