வேல்குமார் படையெடுத்த கதை

வேல்குமாருக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது. எதையும் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்கிற ஆள் என்று. அனுப்பர்பாளையத்தில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் அவன் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு துண்டு வெள்ளைத் துணியை அனுப்பி இதே வெள்ளைதான் வேண்டும் என்பார். சாயப்பட்டறையிலிருந்து வரும் மாதிரிகளை வேல்குமார் ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்து, இது பால், இது முட்டை ஓடு, இதுதான் அந்த ஆள் கேட்டது என்று கண்ணிமைப்பதற்குள் பிரித்துவிடுவான். அதன் பிறகும் மாற்றச் சொல்லி மெயில் போடும் பையர்களை மதியச் சாப்பாட்டின்போது ஒரு பிடி பிடிப்பான். "ஒரு பனியனுக்கு இத்தனை யோசனையாங்க? இவங்கெல்லாம் எப்படித்தான் கல்யாணம் பண்ணுனாங்களோ!"

அப்படிப்பட்டவன் ஒரு பொம்மைப் படையைத் தேர்ந்தெடுக்க ஆடி முழுவதையும் ஆவணியில் பாதியையும் எடுத்துக்கொண்டான்.

ஆரம்பித்து வைத்தது பிரிசில்லா. அதே கம்பெனியில் பேட்டர்ன் போடுகிறவள். அவள் மேசையில், கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில், கட்டைவிரல் உயரத்தில் ஒரு தாடிக்காரக் குள்ளன் கோடாலியோடு, பெயிண்ட் காய நின்றுகொண்டிருந்தான்.

"பொம்மையெல்லாம் வெச்சு விளையாடறீங்களா?" என்று வேல்குமார் சிரித்தான்.

"பொம்மை இல்லீங்க சார், சிப்பாய். ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க."

கேலி செய்ய விஷயம் கிடைக்கும் என்றுதான் போனான். ஆத்தப்பன் என்ற பெரியவருடைய கட்டிங் யூனிட் அது. ஞாயிறு லீவு நாளில், வாரமெல்லாம் துணி விரித்து வெட்டும் நீள மேசையில் பச்சை ஃபிளீஸ் துணியை விரித்துப் புல்வெளியாக்கியிருந்தார்கள். நூல் தீர்ந்த காலிக் கோன்கள் கோபுரங்கள். ஒரு பக்கம் பிரிசில்லாவின் குள்ளர் படை, மறுபக்கம் ஆத்தப்பனின் பூதப் படை. ஆளுக்கொரு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சிப்பாய்களை அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்தினார்கள். யார் வெட்டினார், யார் விழுந்தார் என்பதைப் பகடை சொன்னது. கொஞ்ச நேரத்தில் வேல்குமார், தன்னை யாரும் கேட்காமலேயே, "அந்தக் கோபுரத்துக்குப் பின்னால சுத்திப் போங்க, சுத்திப் போங்க" என்று கத்திக்கொண்டிருந்தான். கேலி எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"உங்களுக்குன்னு ஒரு படை எடுங்க தம்பி" என்றார் ஆத்தப்பன்.

"எதை எடுக்கறதுங்க?"

"பாத்ததும் புடிச்சதை எடுங்க" என்றாள் பிரிசில்லா. "வெறும் பிளாஸ்டிக்காத்தான் வரும். ஒட்டி, பெயிண்ட் அடிக்கறது அத்தனையும் நம்ம வேலை. புடிக்காததுக்குப் பெயிண்ட் அடிக்கக் கை வராதுங்க சார்."

இவ்வளவு சுலபமான யோசனையை ஏற்றுக்கொள்ள வேல்குமாருக்கு மனம் வரவில்லை. அவன் வீட்டுக்குப் போய் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். திங்கட்கிழமை அவனுக்குப் பூதப் படைதான். புதன்கிழமை, காட்டு வில்லாளிகள். பூதங்களுக்கு மூளை குறைவு என்று எவனோ ஒருவன் சொல்லிவிட்டான். சனிக்கிழமை, எவனோ இன்னொருவன் வில்லாளிகள் காகிதம் மாதிரி கிழிவார்கள் என்றான். சாப்பிடும்போதும் போனைச் சாம்பார்க் கிண்ணத்தில் சாய்த்து வைத்துக்கொண்டான்.

"என்னையப் பாக்க வந்தப்ப காபி ஆறறதுக்குள்ள சரின்னு சொல்லீட்டீங்க" என்றாள் மனைவி பிரியங்கா. "போன்ல வர்ற இந்தத் தாடிக்காரனுக்கு மட்டும் இத்தனை யோசனையா?"

"அது வேற, இது வேற புள்ள."

"அது தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் சாம்பார்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். போன் ரசத்தில் விழுந்தது.

ஆத்தப்பன் இரக்கப்பட்டுத் தன் பழைய குதிரைப் படையை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் கொடுத்தார். வேல்குமார் கற்பனையில் எப்போதோ குதிரை ஏறிவிட்டவன். கொடி பறக்க முன்னால் பாய்கிறவன் தானேதான். ஆனால் மேசையில் கை வைத்ததும் வேறு ஆளாகிவிட்டான். அத்தனை அழகான குதிரை வீரர்களில் ஒருவனைக்கூட இழக்க மனமில்லை. எல்லோரையும் நூல் கோனுக்குப் பின்னால் நெருக்கி நிறுத்தினான். முறை வரும்போதெல்லாம் அரை அங்குலம் நகர்த்தி, யோசித்து, பழைய இடத்திலேயே வைத்தான்.

"ஏனுங்க தம்பி, குதிரையக் கட்டுத்தறியிலேயே கட்டி வெச்சுட்டுச் சண்டைக்கு வந்துட்டீங்களா?" என்றார் ஆத்தப்பன். அவருடைய பூதங்கள் சாவகாசமாக நடந்து வந்து கோனைச் சுற்றி வளைத்து, நின்ற இடத்திலேயே எல்லோரையும் தின்று முடித்தன.

அவமானம்தான். ஆனாலும் அன்று சாயந்திரம் ஒரு முடிவு பிறந்தது. குதிரைப் படையேதான். அதிலும் வெண்குதிரை வீரர்கள். வெள்ளைக் குதிரை, வெள்ளைக் கவசம், வெள்ளை அங்கி. புதிதாக வருகிறவர்கள் வெள்ளையைத் தொடவே கூடாது, அடிப்பதற்கு அதைப்போல் கஷ்டமான நிறம் கிடையாது என்று எல்லா வீடியோவிலும் எச்சரித்தார்கள். வேல்குமார் சிரித்துக்கொண்டான். அது அவர்களுக்கு. வெள்ளையில் அவனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

கூரியரில் பெட்டி வந்தது. லீவு நாள் காலையில் சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து உட்கார்ந்தான். முதல் பூச்சில் பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறம் தெரிந்தது. கனமாக இரண்டாவது பூச்சுக் கொடுத்தான். அது திட்டுத்திட்டாக நின்றது. அதை மறைக்க மூன்றாவது. பிரியங்கா வந்து குனிந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இவருக்கு மூக்கு எங்கீங்க?"

"உள்ளே இருக்குது."

அடுத்தவன் சரியாக வந்துவிடுவான் என்று நம்பியே பெட்டியில் பாதிப் பேரை முடித்துவிட்டான். காய்ந்ததும் அத்தனை பேரும் மழையில் சுண்ணாம்பு உரிந்த சுவர் போல நின்றார்கள். தண்ணீராகக் கரைத்த பழுப்பை மேலே ஊற்றினால் எந்தக் குறையும் மறையும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. ஊற்றினான். அது கண், வாய், விலா என்று இருக்கிற பள்ளத்திலெல்லாம் இறங்கித் தேங்கியது. பதறிப் போய், பைக்கைத் துடைக்க வைத்திருந்த பனியன் வேஸ்ட் துணியை எடுத்து ஒற்றினான். ஈரத்தில் பஞ்சிழைகள் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றன. எட்டு விதமான வெள்ளையைப் பிரிக்கத் தெரிந்த வேல்குமாருக்கு இதை எந்த வெள்ளையில் சேர்ப்பது என்று விளங்கவில்லை. சாயப்பட்டறைக்காரன் இப்படி ஒரு மாதிரியைக் கொண்டுவந்திருந்தால் அவனைக் கம்பெனி கேட்டைத் தாண்டியே விட்டிருக்க மாட்டான்.

அடுத்த ஞாயிறு சேவூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சீர் விசேஷம். போகிற வழியில் பெட்டியை ஆத்தப்பனிடம் கொடுத்துவிட்டு, வேலை அதிகம், இனி வர முடியாது என்று சொல்லிவிடுவது என வேல்குமார் முடிவு செய்திருந்தான். பட்டுச் சேலையில் பிரியங்காவும் உள்ளே வந்தாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஆத்தப்பன் பெட்டியைத் திறந்துவிட்டார். ஒரு வீரனை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"அடேங்கப்பா! பொணப் படை எடுத்துட்டீங்களா? இங்க வாங்க எல்லாரும். தோலு அழுகி உரியறதைப் பாருங்க. குழியில இருந்து இப்பத்தான் எந்திரிச்சு வந்தவனாட்டவே இருக்கறான். இந்தப் பூசணத்தை எப்படிங்க தம்பி கொண்டாந்தீங்க?"

அங்கே ஆட வந்திருந்த எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். வேல்குமாருக்கு உண்மையைச் சொல்ல நல்ல வாய்ப்பு. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அது ஒரு டெக்னிக்குங்க" என்றான். "பனியன் வேஸ்ட்ல பண்றது."

"அடக் கடவுளே!" என்றாள் பிரியங்கா. "அவங்கெல்லாம் உசுரோட இருந்தவங்களுங்க. வெள்ளைக் குதிரை வீரருங்களாமா. இவருதான் டைனிங் டேபிள்ல வெச்சுச் சாகடிச்சுப்போட்டாரு."

கட்டிங் யூனிட்டே குலுங்கியது. ஆத்தப்பன் மேசையைப் பிடித்துக்கொண்டு இருமி இருமிச் சிரித்தார். வேல்குமாருக்கு முதலில் காது சுட்டது. பிறகு, பெட்டியிலிருந்த மூக்கில்லாத வீரனைப் பார்த்ததும் அவனுக்கும் அடக்க முடியவில்லை.

"ரிஜெக்ட் ஆன பீசை வேற ஆர்டருக்கு மாத்தி அனுப்பறதில்லீங்களா சார் நாம?" என்றாள் பிரிசில்லா, கண்ணைத் துடைத்தபடி. "அப்படித்தான். பொணப் படைக்கு உண்டான விதிமுறை எங்கிட்ட இருக்குது. இன்னைக்கே இறக்குங்க."

சீருக்கு நேரமிருந்தது. இறக்கினான். அன்று அவன் ஆடியது போல அதற்கு முன் ஆடியதில்லை. இவர்கள் ஏற்கெனவே செத்தவர்கள்தானே, இனி என்ன ஆகிவிடப் போகிறது? கோபுரம், மறைவு எதுவும் தேடவில்லை. முதல் முறையிலேயே அத்தனை பேரையும் நேரே பூதங்களின் மேல் விட்டான். பகடையை உருட்டும்போது கத்தினான். அவன் ஆள் விழுந்தபோது எதிராளியைவிடச் சத்தமாக அவனே சிரித்தான். ஆத்தப்பனின் பூதத் தலைவன், ஒருவராலும் அதுவரை சாய்க்க முடியாதவன், தலைகுப்புற விழுந்தான். கடைசியில் தோற்றது என்னவோ வேல்குமார்தான். ஆனால் பெரியவருக்கு நெற்றியில் வேர்த்திருந்தது.

"அடுத்த வாரம் மீதிப் பேரையும் இதேமாதிரி அடிச்சுட்டு வாங்க" என்றார்.

அங்கேதான் சங்கடம். தெரியாமல் வந்ததைத் தெரிந்து எப்படி வரவழைப்பது என்று யோசித்தபடியே வேல்குமார் வண்டியைக் கிளப்பினான்.  திருமுருகன்பூண்டி தாண்டியதும், பின்னால் உட்கார்ந்திருந்த பிரியங்கா அவன் தோளைத் தட்டினாள்.

"அங்க அலமாரியில தவளைங்க ஈட்டி புடிச்சுட்டு நின்னுதுங்களே, பாத்தீங்களா?"

"சதுப்பு நிலத் தவளைப் படை. மேட்டுல ஏற மாட்டாம திணறும். எதுக்கும் நாலஞ்சு வீடியோ பாத்துட்டு..."

"பிரிசில்லாகிட்டச் சொல்லீட்டனுங்க. எனக்கு ஒரு பெட்டி வாங்கித் தாராங்களாமா."

வேல்குமார் வேகத்தைக் குறைத்தான். "எதைப் பாத்து எடுத்த?"

"எதைப் பாக்கறது? தவளைங்க. அழகா இருக்குது."

கொஞ்ச தூரம் போனதும், "பச்சைதான அடிப்ப?" என்று கேட்டான்.

"மஞ்சளுங்க."

மஞ்சளில் எத்தனை மஞ்சள் இருக்கிறது, அதில் எது தவளைக்கு ஒத்துவரும் என்று விளக்க அவனுக்கு நாக்கு துடித்தது. வண்டி ஓட்டும்போது பேசினால் பூச்சி வாயில் புகுந்துவிடும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான்.