இருக்கையில் இல்லை

சபாநாயகர் மூன்றாம் எண் கேள்வியை முடித்துவைத்தபோது இளையவளின் உள்ளங்கை வேர்த்துவிட்டது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி விரல்களை விசைப்பலகை மேல் வைத்தாள். அடுத்தது நான்கு. நான்காம் எண், தொண்டையின் கேள்வி.

தொண்டை என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். டயர் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் ஆறு பேர் ஆறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து நாடாளுமன்றத்தைக் கவனித்துக்கொண்டிருப்பார்கள். யார் வந்தார், யார் பேசினார், என்ன கேட்டார், எந்தப் பக்கம் வாக்களித்தார் என்று ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒரு கணக்கு. கூட்டத்தொடர் முடிந்ததும் பள்ளிக்கூட மதிப்பெண் மாதிரி அது வெளியாகும்; பத்திரிகைகள் கட்டம் கட்டிப் போடும். தினமும் ஒரே முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் பட்டப்பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாதா? ஒரு நாள்கூட விடாமல் வந்து மேசையைத் தட்டுவதைத் தவிர வேறெதுவும் செய்யாத ஆளுங்கட்சி உறுப்பினர் ஃபுல்மார்க். கேமரா திரும்பும்போதெல்லாம் தலைமுடியை ஒதுக்குகிறவர் சீப்பு. எதிர்க்கட்சிப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒலிவாங்கி இல்லாமலேயே அவை முழுக்கக் கேட்கும்படி பேசுகிற அந்த ஒல்லி மனிதர் தொண்டை.

வீட்டில் அவருக்கு வேறு பெயர். அக்கா அவரை ‘அய்யா’ என்றுதான் சொல்வாள். சொல்லும்போதே குரல் ஒரு படி தணியும்.

அக்காவின் வீட்டுக்காரர் வெல்டர். வெளிநாட்டில் கப்பல் பட்டறை வேலை என்று ஒரு கம்பெனி கூட்டிக்கொண்டு போனது. போன இடத்தில் கம்பெனி இழுத்து மூடிவிட்டது. பாஸ்போர்ட்டுகள் யாரிடம் இருக்கின்றன என்று தெரியவில்லை. தகரக் கொட்டகையில் அடைத்துவைத்திருக்கிறார்கள், தண்ணீர் லாரி எப்போதாவதுதான் வருகிறது என்று கடைசியாக ஒரு குரல்செய்தி வந்தது. அதற்குப் பிறகு அவர் போனும் இல்லை, கூட இருந்த யாருடைய போனும் இல்லை. அக்கா படியேறாத அலுவலகம் இல்லை. அமைச்சகத்தில் ஓர் அதிகாரி மட்டும் கொஞ்சம் மனிதனாகப் பேசினார். “இங்க நின்னு பிரயோஜனம் இல்லம்மா. சபையில யாராவது எழுந்து கேட்கணும். அமைச்சர் நின்னு பதில் சொல்லணும்னு வந்தாத்தான் இந்த ஃபைல் நகரும்.”

அக்கா தொண்டையின் வாசலில் போய் நின்றாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். கேள்வியை எழுதிக் கொடுத்தார். யார் யார் கேள்வி அவைக்கு வரும் என்று போடும் குலுக்கலில் அவர் பெயர் விழுவதற்கே இரண்டு கூட்டத்தொடர் ஆனது. விழுந்தது. இன்றைக்கு. நான்காம் எண்.

இந்த உறவு அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் தொண்டையின் கணக்கை அவளிடமிருந்து எடுத்துவிடுவார்கள். அவளுக்கு அதை விட மனமில்லை. ஏதோ அவள் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் அவர் தவறாமல் வருகிறார் என்பதுபோல ஓர் அசட்டு நம்பிக்கை.

சபை நடக்கும்போது கைப்பேசிகள் எல்லாம் வாசலருகே ஒரு கூடையில் கிடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். காலையில் கூடையில் போடும் முன் அக்கா பேசியிருந்தாள்.

“வீட்டைப் பெருக்கித் துடைச்சிட்டேன்டி. அங்க மாட்டிக்கிட்ட மத்தவங்க வீட்டுப் பொண்ணுங்களும் வந்துட்டாங்க. எல்லாரும் டிவி முன்னாடிதான் உட்கார்ந்திருக்கோம்.”

“அதுக்கு எதுக்குக்கா வீட்டைத் துடைக்கிற? டிவி வழியா வெளிய வந்து உட்காரவா போறாங்க?”

“உனக்கென்ன தெரியும். நல்ல காரியம் நடக்கிற அன்னைக்கு வீடு குப்பையா இருக்கலாமா?”

அந்த நல்ல காரியத்துக்கு இப்போது ஒரு நிமிடம்தான் பாக்கி. வெளிநாட்டு வேலைவாய்ப்பு அமைச்சர் தன் காகிதக்கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தொண்டை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இளையவளுக்கு அந்தச் சைகை அத்துப்படி. எழுந்து பேசுவதற்கு முன் எப்போதும் செய்வது.

அப்போதுதான் முன்வரிசையில் எதிர்க்கட்சிக் கொறடா எழுந்து கையை உயர்த்தினார். காலைச் செய்தியில் மின்கட்டண உயர்வு. அட்டைகள் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தன. ஒரு வரிசை எழுந்தது, இன்னொன்று எழுந்தது, எல்லோரும் சபை நடுவே இறங்கிக் கோஷம் போட ஆரம்பித்தார்கள். தொண்டை எழவில்லை. தன் காகிதத்தைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னார். கொறடா படியேறி வந்து அவர் முழங்கையைப் பிடித்தார். கோபமாக எல்லாம் இல்லை. கல்யாண வீட்டில் சாப்பிட வராதவரைக் கூப்பிடுகிற மாதிரி, சிரித்துக்கொண்டே. தொண்டை எழுந்தார். கையில் யாரோ ஓர் அட்டையைச் செருகினார்கள்.

அமளி வந்தால் தொலைக்காட்சியில் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். ஊர் முழுக்க ஊமைப்படம்தான் ஓடும். பதிவு செய்கிறவர்களுக்கு மட்டும் தனி ஒலி இணைப்பு உண்டு. அந்த இணைப்பு மாட்டியிருந்த காதுகளில் இளையவள் கேட்டாள்.

“நான்காம் எண்.” சபாநாயகர் தொண்டையின் முழுப்பெயரை வாசித்தார். இன்னொரு முறை வாசித்தார். தொண்டை திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அவர் இருக்கைக்கும் நடுவே ஒரு பத்துத் தலைகள். கேள்வியை அவரவர் இருக்கையிலிருந்துதான் கேட்க வேண்டும். “உறுப்பினர் இருக்கையில் இல்லை. ஐந்தாம் எண்.”

அவள் குனிந்து, திரையில் விரிந்த பட்டியலில் மூன்றாவதாக இருந்த ‘இருக்கையில் இல்லை’ என்பதை அழுத்தினாள். நிமிர்ந்தபோது ஃபுல்மார்க் எழுந்து நின்றிருந்தார். அவருடைய கேள்வியும் அதே அமைச்சருக்குத்தான். வெளிநாடு போகிறவர்களுக்காக அரசு விட்டிருக்கும் கைப்பேசிச் செயலி எத்தனை மொழிகளில் கிடைக்கிறது? அமைச்சர் மலர்ந்த முகத்தோடு எழுந்தார். அந்தக் கூச்சலிலும் நிறுத்தி நிதானமாக, பக்கம் பக்கமாக வாசித்தார்.

மதியம் அவள் தலைமைப் பதிவாளரின் மேசைக்குப் போனாள். அவருக்குப் பெயர் சதவீதம். எதையும் நூற்றுக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார். தன் மனைவியின் கோபம் உட்பட.

“அண்ணா, அந்த நாலாம் நம்பர். அவர் சபைக்குள்ளதான் இருந்தாரு.”

“இருந்தாரு. யாரு இல்லன்னா? இருக்கையில இல்லையே.”

“சும்மா வராம இருந்ததும் இதுவும் ஒண்ணா? கீழ ஒரு குறிப்பு போடலாமே.”

“குறிப்பு போட ஆரம்பிச்சா எல்லாருக்கும் போடணும் தாயி. கொட்டாவி விடுறவருக்கு ராத்திரி கொசுக்கடின்னு குறிப்பு போடுவியா?” அவர் திரையைத் தன் பக்கம் திருப்பினார். “மத்தியானம் வேற மசோதா நிறைவேறிடுச்சு. எதிர்க்கட்சி மொத்தமும் வெளிநடப்பு. தொண்டைக்கு வாக்குலயும் ‘பங்கேற்கவில்லை’ போட்டுடு. போன தடவை நூத்துக்கு நாப்பத்தொண்ணுல இருந்தாரு. இந்தத் தடவை முப்பத்தெட்டுக்கு இறங்கிடுவாரு. பாவம், நல்ல மனுஷன்தான்.”

நல்ல மனுஷனுக்குப் பட்டியலில் கட்டம் இல்லை. அவள் இடத்துக்குத் திரும்பி, கேட்கப்படாத கேள்விகளுக்கு மேசையில் வைக்கப்படும் எழுத்துப்பூர்வ பதிலைத் தேடி எடுத்தாள். ஒரே வரி. ‘விவரங்கள் சேகரிக்கப்பட்டு வருகின்றன.’ அக்காவுக்கு அமைச்சகம் ஏற்கெனவே அனுப்பியிருந்த கடிதத்திலும் இதே வரிதான். ஓர் எழுத்து மாறவில்லை.

அன்றன்றைய பதிவை உறுப்பினர் அலுவலகத்துக்குப் படித்துக் காட்டிச் சரிபார்ப்பது வழக்கம். அலுவலகத் தொலைபேசியில் அவள் எண்களை அழுத்தினாள். உதவியாளர் எடுப்பார் என்று நினைத்திருந்தாள். அவரே எடுத்தார். காலையில் கத்தியதில் குரல் கரகரத்திருந்தது.

“சொல்லும்மா.”

“சார், இன்னைக்குப் பதிவு. வருகை, உண்டு. வாய்மொழிக் கேள்வி, இருக்கையில் இல்லை. வாக்கெடுப்பு, பங்கேற்கவில்லை. சரியா சார்?”

அவர் ஒவ்வொன்றையும் வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

“சரிதாம்மா. சரியில்லன்னு நான் எப்படிச் சொல்றது? என் சீட்டுக்கும் எனக்கும் நடுவுல எவ்வளவு தூரம்கிற? உன் ரூமுக்குள்ள நீ நடக்கிற தூரம். போயிருந்தா கட்சியை மதிக்கலன்னு அடுத்த தேர்தல்ல சீட்டே இருக்காது. போகல. இப்பவும் எனக்கு மார்க் இல்ல.” சிரிக்கப் பார்த்து இருமினார். “அதை மாத்தி எழுத வழி இருக்கா?”

“இல்ல சார். அதுக்குக் கட்டம் இல்ல.”

“ம். உன்னைக் குத்தம் சொல்லல. வேற எங்கயாவது இதைச் சொல்லணும்னு இருந்துச்சு. பதினேழு பேரும்மா அது. அதுல ஒருத்தனோட பொண்டாட்டி என் வாசலுக்கு வந்து நிக்கும். உட்காரச் சொன்னாலும் உட்காராது. மத்தியானத்துல இருந்து அந்தப் பொண்ணு நம்பர் வந்துக்கிட்டே இருக்கு. நான் எடுக்கல. எடுத்து என்னன்னு சொல்வேன்?”

இளையவள் ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றினாள். அது என் அக்கா சார் என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. சதவீதம் எதிரில் உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கேள்வி மறுபடி வருமா சார்?”

“அடுத்த கூட்டத்தொடர்ல எழுதிக் கொடுப்பேன். குலுக்கல்ல விழணும். விழுந்த அன்னைக்கு எங்காளுங்க கையில அட்டை இல்லாம இருக்கணும்.” பெருமூச்சு விட்டார். “அதுவரைக்கும் அங்க தண்ணி இருக்கணும். வெச்சிடறேம்மா.”

மாலையில் கூடையிலிருந்து கைப்பேசியை எடுத்தபோது அக்காவிடமிருந்து வந்த அழைப்புகள் வரிசையாக நின்றன. திருப்பிக் கூப்பிடவில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று பேருந்து ஏறினாள். வழி முழுக்க வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தாள். ‘கேள்வி தள்ளிப் போயிருக்குக்கா’ என்று ஆரம்பிக்கலாம். தள்ளிப் போயிருக்கு என்பது அவ்வளவு பெரிய பொய் இல்லை.

தெருமுனையிலேயே அவர்கள் வீட்டுச் சத்தம் கேட்டது. அழுகையோ என்று ஓடினாள். சிரிப்பு. கதவு விரியத் திறந்திருந்தது. கூடத்தில் பாயில் நாலைந்து பெண்கள் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காலி டம்ளர்கள்.

“வந்துட்டாடி நம்ம பார்லிமெண்ட்!” என்றாள் அங்கே மாட்டிக்கொண்ட கொத்தனார் ஒருவரின் மனைவி. “வா வா, உனக்குத்தான் டீயை வடிகட்டாம வெச்சிருக்கோம்.”

அக்கா சமையலறையிலிருந்து ஓடிவந்து அவள் இரண்டு கன்னத்தையும் ஈரக் கையால் பிடித்தாள். “பார்த்தியாடி? அய்யா கேட்டுட்டாருல்ல! அந்தக் கூட்டத்துலயும் விடல பாரு மனுஷன். கையில போர்டைப் பிடிச்சுக்கிட்டு என்னமா கத்துறாரு! உடனே அந்த அமைச்சர் எழுந்தான். எவ்வளவு நேரம் படிச்சான் தெரியுமா? போர்டைத் தூக்கினதுமே சத்தம் போயிடுச்சு, எங்க டிவிதான் கெட்டுப்போச்சுன்னு இவ போய் ஓங்கித் தட்டினா.”

“தட்டினதுல படமும் போயிருக்கும்,” என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

“நன்றி சொல்லலாம்னு அய்யாவுக்குப் போன் அடிச்சுக்கிட்டே இருக்கேன். எடுக்கல. பாவம், எவ்வளவு வேலை இருக்கோ,” என்றாள் அக்கா.

இளையவள் பையைக் கழற்றாமலே நின்றாள். பேருந்தில் அடுக்கிவைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட இந்த வீட்டுக்குப் பொருந்துவதாக இல்லை.

“அக்கா, அது வந்து...”

“இரு இரு. நீதான் சொல்லணும். உனக்குத்தான் தினமும் இவங்களைப் பார்த்துப் பழக்கம், உதட்டைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவ.” அக்கா தன் கைப்பேசியை நீட்டினாள். தொலைக்காட்சித் திரையை அதில் படம் பிடித்து வைத்திருந்தாள். “அய்யா என்ன கேட்டாருன்னு எங்களுக்குத் தெரியும். இவன் என்ன பதில் சொன்னான்னு மட்டும் சொல்லு. மாமா எப்ப வராராம்?”

பெண்கள் எல்லோரும் முழங்காலில் நகர்ந்து அவளைச் சுற்றி நெருங்கினார்கள். யாருடைய மூச்சோ அவள் கழுத்தில் பட்டது. படம் லேசாக ஆடியது. சபை முழுவதும் தெரிந்தது. நடுவில் அட்டைகள். தொண்டையின் வாய் திறந்து திறந்து மூடியது. பிறகு அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தார்.

காலையில் அந்த நொடியில் அவள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அவர் பார்த்த திசையில் அவளும் பார்த்தாள். கடைசி வரிசை ஓரத்தில் அவர் இருக்கை. மேசைமேல் அவருடைய காகிதம். பெயரைக் கூப்பிட்டதும் யாரோ ஓர் ஊழியர் எங்கிருந்தோ பொத்தானை அழுத்தியிருக்கிறார். காலி நாற்காலிக்கு முன்னால் வளைந்து நின்ற அந்த ஒலிவாங்கியின் நுனியில், பேசலாம் என்பதற்கான பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“சொல்லுடி,” என்றாள் அக்கா.

படம் முடிந்து, தானாக மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.