மாப்பிள்ளை பேசவில்லை

முந்தாநாளிலிருந்து மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளை என்றால் ஆள் இல்லை. பாப்பாவின் கம்ப்யூட்டருக்குள் செருகியிருந்த பேசும் கார்டு. திரையில் இருப்பதையெல்லாம் மூக்கடைத்த ஆண்குரலில் வாசித்துக் காட்டும். பிறவியிலேயே கண் தெரியாத பாப்பாவுக்கு அந்தக் குரல்தான் திரை. "சொன்னதைச் செய்யறான், எதிர்த்துப் பேசறதில்லை, இவனைவிட நல்ல மாப்பிள்ளை எங்கே கிடைப்பான்?" என்று சொல்லி அம்மா வைத்த பேர் அது. பாப்பா என்பதும் வீட்டில் வைத்த பேர்தான். வயது முப்பதைத் தாண்டியும் அதை மாற்ற ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"அதுக்கு வயசாயிடுச்சு பாப்பா, செத்துப்போச்சு" என்று அண்ணன் கையை விரித்துவிட்டான். அன்று காலையில்தான் அவன் தன் புது மோடம் கார்டை அதே பெட்டியில் மாட்டி, இன்டர்நெட் வந்துவிட்டது என்று வீடே அதிரக் குதித்திருந்தான். உன்னுடையதை மாட்டியதால்தான் என்னுடையது போனதா என்று அவள் கேட்டாள். "சேச்சே, அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றான்.

இன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வரும். டாக்டர்கள் கேசட்டில் பேசிவைத்த நோயாளிக் குறிப்புகளை அவள் டைப் அடித்துத் தரவேண்டும். இது வெள்ளோட்டம். பிழையில்லாமல் இருந்தால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். அடிப்பதற்கு அவளுக்கு விரல் போதும். அடித்ததில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கத்தான் குரல் வேண்டும்.

"நான் படிச்சுப் பாத்துச் சொல்றேன், கவலையை விடு" என்று அண்ணன் தாராளம் காட்டினான். கார்டு வருவதற்கு முன்னால் ஒரு கிளினிக் வேலைக்கும் இப்படித்தான் காட்டினான். பாதியைப் படித்துவிட்டு எல்லாம் சரி என்றான். யாரோ ஒருவரின் இடது முழங்கால் அவள் அடித்த தாளில் வலது முழங்காலாகப் போயிற்று. அந்த கிளினிக் அதற்குப் பிறகு அவளைக் கூப்பிடவே இல்லை.

மத்தியானம் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். மகள் கீபோர்டைப் போட்டு அடிக்கிற அடியைக் கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப மனசை விடாதே. ரெண்டு கார்டும் ஒரே நம்பர்ல நிக்குதாம், ஒண்ணுக்கொண்ணு சண்டையாம். உன்னுதுலேருந்து என்னமோ பொட்டு மாதிரி ஒண்ணைக் கழட்டிச் சட்டைப் பையில வச்சிருக்கான். அவன் வேலை முடிஞ்சதும் மாட்டித் தந்துடுவான்."

பாப்பாவின் விரல்கள் நின்றன. "செத்துப்போச்சுன்னு சொன்னானே?"

"நீ வருத்தப்படுவியேன்னு..."

"உண்மையைச் சொன்னா வருத்தப்படுவேன், பொய் சொன்னா குளுகுளுன்னு இருக்குமா? உனக்கும் தெரியும், இல்ல?"

"கொஞ்சம் அனுசரிச்சுக்கோடி. அவனும் என்ன பண்ணுவான்?"

அனுசரித்து அனுசரித்துத்தான் அவள் ஜன்னல் வைத்த அறையை விட்டுக்கொடுத்திருந்தாள். "உனக்கு எதுக்கு ஜன்னல்?" என்று கேட்டவன் இதே அண்ணன். காற்று என்று ஒன்று இருப்பது அவனுக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு அறையைக் காலி செய்தவள், இன்றைக்கு எழுந்துபோய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்தாள்.

மின்சாரத்தை நிறுத்தி, பெட்டியின் மூடியைக் கழற்றினாள். கார்டை முதலில் மாட்டிய மெக்கானிக் அவள் விரலைப் பிடித்து எல்லாவற்றையும் தொட வைத்திருந்தார். ஒவ்வொரு கார்டுக்கும் கம்ப்யூட்டரைக் கூப்பிட ஒரு வழி உண்டு, வழிக்கு ஒரு நம்பர். எந்த வழி என்பதைச் சொல்வது உளுந்தளவு பிளாஸ்டிக் குல்லா, அம்மா சொன்ன பொட்டு. கார்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி முட்களில் எந்த ஜோடியில் அதை மாட்டுகிறோமோ அதுதான் வழி. இரண்டு கார்டு ஒரே வழியில் நின்றால் அடிதடிதான்.

அவளுடைய கார்டில் இரண்டே ஜோடி முள். அதில் ஒரு வழியைப் பிரிண்டர் ஏற்கெனவே பிடித்துக்கொண்டதால், குல்லா மற்றதில்தான் இருக்கும். இப்போது அங்கே மொட்டை முள் குத்தியது.

பக்கத்தில் அண்ணனின் மோடம். அதன் முட்களை வரிசையாகத் தடவினாள். எட்டு ஜோடி. ஒன்றில் குல்லா. மற்ற ஏழும் சும்மா கிடந்தன. மறுபடி தடவினாள், ஏழும் காலிதான். அவன் குல்லாவைக் கொஞ்சம் தள்ளி மாட்டியிருந்தால் போதும். அது அவனுக்குத் தெரியாமல் இல்லை.

நகத்தால் நெம்பி அவனுடைய குல்லாவைப் பிடுங்கினாள். தன் கார்டில் வைத்து அழுத்தி, பெட்டியை மூடி, சுவிட்சைப் போட்டாள்.

"தயார்" என்றார் மாப்பிள்ளை, மூக்கடைத்த குரலில்.

அழுகை வந்தது. அழ நேரமில்லை. வாசிக்கவிட்டுக் கேட்டாள். ஐந்து மில்லி என்பது ஓரிடத்தில் ஐம்பது மில்லியாகியிருந்தது. குழந்தைக்குக் கொடுக்கிற மருந்து. திருத்தினாள். அண்ணனை நம்பியிருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

ஆஸ்பத்திரி அம்மாள் வந்து, தாள்களை நின்றபடியே புரட்டினாள். "சுத்தமா இருக்கே! யார் சரிபார்த்தது?"

"எங்க வீட்டு மாப்பிள்ளை" என்றாள் பாப்பா. அடுத்த வாரத்திலிருந்து கேசட் அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் போனாள்.

அதன் பிறகு அண்ணன் வந்தான். மோடத்தோடு கொஞ்சநேரம் மல்லுக்கட்டிப் பார்த்தான்.

"பாப்பா, இது வேலை செய்யலையே. நீ எதையாவது தொட்டியா?"

"செத்துப்போச்சுண்ணா. வயசாயிடுச்சு."

"விளையாடாதே. புதுசு அது. காலையில வரைக்கும் நல்லாத்தான் இருந்தது."

"என்னுதும் நீ கை வைக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தது."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

"உன் கார்டுல ஏழு இடம் காலியா கிடக்கு. ஏண்ணா நகர்த்தலை?"

"நகர்த்தினா எல்லாத்தையும் மறுபடி செட் பண்ணணும். அரைநாள் ஓடிடும். அதான்..."

"உன் அரைநாளுக்காக என் வாயை அடைச்சியா?" வீட்டில் அவள் இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. கையை நீட்டினாள். "பையில இருக்கறதை எடு."

குல்லா அவள் உள்ளங்கையில் விழுந்தது. அதை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப என் மோடத்துக்கு?" என்றான்.

"கொஞ்சம் அனுசரிச்சுக்கோண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் கீபோர்டின் பக்கம் திரும்பினாள்.