ஆயிரத்து ஐந்நூறு கிராம்

தன் கை நடுங்குவதை வீணா முதன்முதலில் பார்த்தது பிப்ரவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துப்பாக்கி சுடும் ரேஞ்சில் வைத்து.

ஏர் பிஸ்டலை ஒரே கையால் நீட்டிப் பிடிக்க வேண்டும். குழலின் நுனியில் குறி பார்ப்பதற்காக இருக்கும் முன் சைட், பின் சைட்டின் பள்ளத்துக்குள் நடுவாக நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரியும். ஒன்பது வருடமாக அந்தக் கோடுகள் அவளுக்குச் சமமாகத்தான் தெரிந்தன. அன்று ஒரு பக்கம் மூடினால் மறுபக்கம் திறந்தது, மறுபக்கம் மூடினால் இந்தப் பக்கம் திறந்தது. கையை இறக்கி, விரல்களை உதறிவிட்டு, மறுபடி தூக்கினாள். அதே ஆட்டம், அதே வேகம்.

காபியை நிறுத்திப் பார்த்தாள். சீக்கிரம் தூங்கிப் பார்த்தாள். அறுநூற்றுக்கு 565 அடித்துக்கொண்டிருந்தவள் ஏப்ரலில் 551க்கு வந்து நின்றாள். ஆகஸ்டில் மாநிலப் போட்டி இருந்தது. போன வருடம் தேசியப் போட்டிக்கான தகுதியை மூன்று புள்ளியில் தவறவிட்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. கணவனோடு ஒத்துவராமல் மர்பி டவுனில் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்த வருடம்தான் ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்தாள். வாரத்தில் ஆறு நாள் தொம்மலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலை ஆறரைக்கு முதல் ஊசி. வலிக்காமல் எடுப்பாள் என்று பெயர் இருந்ததால், வரிசையில் நின்றாவது அவளிடமே கை நீட்டுகிறவர்கள் உண்டு.

ரேஞ்சில் பிஸ்டல்களைப் பழுது பார்ப்பவர் டிரேவர். ஒருகாலத்தில் அவரும் போட்டிகளில் சுட்டவர்தான். பிஸ்டலின் எடையைக் கூட்ட வேண்டும் என்று வீணா கேட்டபோது அவருக்குப் புரியவில்லை.

"தொள்ளாயிரத்து அறுவது கிராமையே தூக்கித் தூக்கி கை விட்டுப்போய் ஜனங்க வந்து நிக்கறாங்க. நீ எதுக்கு ஜாஸ்தி கேக்கறே?"

ட்ரிகரை இழுக்கும்போது மணிக்கட்டு வெட்டுகிறது, கனம் இருந்தால் அடங்கும் என்றாள். பொய் என்று சொல்ல முடியாது. பாதிதான் சொன்னாள்.

விதிப்படி பிஸ்டல் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறு கிராமைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த எல்லைப் பக்கம் யாரும் போவதில்லை. எழுபத்தைந்து நிமிடத்தில் அறுபது குண்டு. அதற்கு முன்னால் பழகிக்கொள்வதற்கான குண்டுகள் வேறு. பிடிக்காமல் இறக்கி மறுபடி தூக்குவதையும் சேர்த்தால் நூறு தடவைக்கு மேல் கை மேலே போக வேண்டும். அதனால்தான் எல்லாரும் ஒரு கிலோவுக்குள்ளேயே பிஸ்டலைத் தேர்ந்தெடுப்பார்கள். பெண்களில் சிலர் அதைவிட இலேசானதையும் வாங்குவார்கள்.

டிரேவரிடம் பழைய பிஸ்டல் ஒன்று கிடந்தது. நீளக் குழல், முழுக்க எஃகு, ஆயிரத்து நூற்றைம்பது கிராம். குழலுக்கு அடியில் எடைக் கட்டைகளை மாட்ட வழி இருந்தது. அவர் இரண்டு கட்டை மாட்டிக் கொடுத்தார். வீணா தூக்கினாள். கை கீழே இழுத்தது. ஆனால் முன் சைட் நின்றது. இரண்டு பக்கமும் கோடு சமமாகத் தெரிந்தது. முதல் பத்து குண்டில் 97 வந்தது. அன்று வீட்டுக்குப் போகிற வழியில் அல்சூர் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, அவளுக்கே தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போனாள். அம்மா லட்சுமம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கன்னடமும் தமிழும் எழுதப் படிக்கத் தெரியும். கவுண்டரில் இருந்த பெண், கையெழுத்து பழையதோடு ஒத்துப் போகவில்லை என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது தடவையும் திருப்பிக் கொடுத்தாள். அம்மா மூன்றாவது தடவை எழுதாமல், கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தித் தாளில் வைத்துவிட்டார். பேனா பிடித்த அம்மாவின் கையை அப்போதுதான் வீணா சரியாகப் பார்த்தாள். அந்த நடுக்கத்தின் வேகம் அவளுக்குத் தெரிந்த வேகம்.

வெளியே வந்ததும் எத்தனை நாளாக இப்படி என்று கேட்டாள்.

"நீ பத்தாவது படிக்கறப்பவே ஆரம்பிச்சிடுச்சி."

"ஏன்ம்மா சொல்லல?"

"சொன்னா இன்னா ஆவும்? வேலய வுட்டு நிறுத்துவாங்க."

வீணா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவள் பத்தாவது படிக்கும்போது அம்மாவுக்கு முப்பத்தேழு.

ஜூனில் நரம்பு மருத்துவரைப் பார்த்தாள். டாக்டர் கிருத்திகா அவளைக் கை நீட்டச் சொன்னார், காகிதத்தில் சுருள் வரையச் சொன்னார், அம்மாவைப் பற்றிக் கேட்டார். பயப்படும்படியான நோய் இல்லை, குடும்பத்தில் வருவது, மெல்ல மெல்லக் கூடும் என்றார். அவர் எழுதிய மாத்திரையின் பெயர் வீணாவுக்கு ஏற்கெனவே தெரியும். துப்பாக்கி சுடுகிறவர்களுக்கு எப்போதும் தடை செய்யப்பட்ட மருந்து அது. நெஞ்சுத் துடிப்பைக் குறைத்துக் கையை நிறுத்தும். மற்றவர்கள் ஏமாற்றுவதற்காகத் தின்னும் மாத்திரை அவளுக்கு வைத்தியமாக வந்திருந்தது. விதிவிலக்கு கேட்டு எழுதலாமா என்று ஃபோனில் ஒரு அதிகாரியிடம் பெயர் சொல்லாமல் விசாரித்தாள். இந்த விளையாட்டில் இந்த மருந்துக்குக் கிடைக்காது என்று அவர் சொல்லிவிட்டார்.

தடையில்லாத வேறொரு மாத்திரையை டாக்டர் கொடுத்துப் பார்த்தார். மூன்று வாரம் தின்றாள். காலை ஆறரைக்குக் கண் திறக்க முடியவில்லை. ஸ்கூட்டர் ஓட்டப் பயந்து பேருந்தில் போன ஒருநாள், தூங்கித் தொம்மலூரைத் தாண்டிப் போய்விட்டாள். அதை நிறுத்தினாள். முதல் மாத்திரையை ஆகஸ்டுக்கு அப்புறம் ஆரம்பிக்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னாள்.

"நீங்க ஊசி குத்தற வேலையில இருக்கீங்க வீணா."

கையை நீட்டிப் பிடித்தால்தான் நடுங்குகிறது, வேலையில் மணிக்கட்டை மேசைமேல் ஊன்றிக்கொள்வேன், ஒன்றும் ஆகாது என்றாள் வீணா. இப்போதைக்கு ஆகாது என்றார் டாக்டர்.

ஜூலையில் நடுக்கம் கூடியது. டிரேவரிடம் இன்னொரு கட்டை கேட்டாள். பிஸ்டல் ஆயிரத்து நானூறைத் தாண்டியது. தினமும் சாயங்காலம் வீட்டில், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் பிடித்துக் கையை நீட்டி நிமிடக் கணக்கில் நிற்பாள். தோள்பட்டையில் ஒரு இடம் எப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா எதுவும் கேட்காமல் தைலம் தேய்த்துவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் பழனிச்சாமி வந்தார். எழுபது வயதுக்காரர், சிறுநீரகக் கோளாறு, மாதம் ஒரு தடவை ரத்தம் கொடுக்க வருவார். எப்போதும் வீணாவிடம்தான் வருவார். அன்று அவள் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டுதான் குத்தினாள். ஊசி நரம்பைத் தாண்டிப் போனது. மறுபடி குத்தினாள். மூன்றாவது தடவைதான் ரத்தம் வந்தது. முழங்கை மடிப்பில் தோலுக்கு அடியில் நீலம் பரவுவதை இருவரும் பார்த்தார்கள்.

"பரவால்லம்மா. என் நரம்பு அப்பிடி, வயசாயிடுச்சில்ல" என்றார் பழனிச்சாமி.

வீணா ஆமாம் என்று தலையாட்டினாள். அவர் பஞ்சை அழுத்திக்கொண்டு எழுந்து போனார். பிஸ்டலுக்குக் கட்டை மாட்டலாம், ஊசிக்கு எதை மாட்டுவது என்று நினைத்தாள். அன்றிரவு, வாங்கி வைத்திருந்த முதல் மாத்திரையின் அட்டையை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். இன்னும் இருபத்திரண்டு நாள்தான் என்று சொல்லிக்கொண்டு மறுபடி உள்ளே வைத்தாள்.

போட்டிக்கு முந்தின நாள் கடைசியாக ஒரு சிறு கட்டையையும் மாட்டச் சொன்னாள். டிரேவரின் தராசில் ஆயிரத்து நானூற்று தொண்ணூற்றாறு வந்தது. நாலு கிராம்தான் இடைவெளி, தராசுக்குத் தராசு மாறும், வேண்டாம் என்றார் அவர். அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை கருவிச் சோதனை மேசையில் பிஸ்டலை வைத்தாள். அதிகாரி தராசைப் பார்த்தார், பிஸ்டலை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார்.

"எண்டு கிராம் ஜாஸ்தி ஆகிதே மேடம்" என்றார் கன்னடத்தில். ஆயிரத்து ஐந்நூற்று எட்டு. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இவ்வளவு கனத்தை யாரும் கொண்டுவந்து அவர் பார்த்ததில்லை போலிருந்தது. வீணா ஓரமாகப் போய்க் குனிந்து சிறு கட்டையின் திருகைக் கழற்றினாள். விரல்கள் ஆடியதால் திருகுளி இரண்டு தடவை வழுக்கியது. அறுபது கிராம் போனது. பிஸ்டலின் பக்கத்தில் சோதனை முத்திரையை ஒட்டிக் கொடுத்தார்கள்.

குழலின் முனை இலேசானதில், பழகிக்கொள்ளச் சுட்ட குண்டுகள் குறிக்கு மேலே மேலே போயின. சைட்டைத் திருகிச் சரிசெய்தாள். முதல் பத்தில் 95. அடுத்ததில் 96. மூன்றாவதில் 94. அப்போதைக்கு அவள் தகுதிக்குள் இருந்தாள். முப்பத்தைந்தாவது குண்டுக்குக் கையைத் தூக்கும்போது தோளில் அந்த இடம் தீப்பிடித்தது. தூக்கிய கை கண்மட்டத்துக்கு வருவதற்குள் களைத்தது. களைப்போடு நடுக்கமும் சேர்ந்துகொண்டது. இறக்கினாள், தூக்கினாள், இறக்கினாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது பத்தில் 90, ஐந்தாவதில் 86. கடைசிப் பத்தில் இரண்டு குண்டு ஆறாம் வளையத்துக்குப் போனது. 83. மொத்தம் 544. கடைசிக் குண்டைச் சுட்டுவிட்டுப் பிஸ்டலை மேசைமேல் வைத்தபோது விரல்களை ஒவ்வொன்றாக இடது கையால் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

வெளியே மரத்தடியில் டிரேவர் காத்திருந்தார். ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தவரை நிறுத்தி வீணா எல்லாவற்றையும் சொன்னாள். நடுக்கம், அம்மா, மாத்திரை, பழனிச்சாமியின் கை.

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் அந்தக் கட்டையெல்லாம் மாட்டியிருக்கவே மாட்டேன்" என்றார் டிரேவர்.

"அதனாலதான் சொல்லல."

அவருக்குக் கோபம் வந்தது. தோளைக் காட்டு என்றார், காட்டாமல் அவள் பையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே போய்ப் பரிசோதனை நிலையத்தின் பொறுப்பாளர் லாவண்யாவிடம் சொன்னாள். எவ்வளவு நாளாக என்று லாவண்யா கேட்டாள். பிப்ரவரியிலிருந்து என்றாள் வீணா. லாவண்யா அவளைத் திட்டவில்லை. ஊசி அறையின் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, முன்னால் பெயர் பதியும் மேசைக்குப் போகச் சொன்னாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று வீணாவுக்குத் தோன்றியது. அன்றே மாத்திரையை ஆரம்பித்தாள்.

செப்டம்பரில் பழனிச்சாமி வந்தார். அவளை அந்த மேசையில் பார்த்து, பதவி உயர்வா என்று கேட்டார். அன்று கை நீலமானது அவர் நரம்பால் இல்லை, தன் கை நடுங்கியதால் என்று வீணா சொன்னாள். நடுங்கும் என்று தெரிந்துதான் குத்தினேன் என்பதையும் சொன்னாள்.

பெரியவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. வீட்டுல என் பொண்ணுகிட்ட, உடம்பு தேறாதுன்னு சொல்லிட்டு அழுதேன்." பிறகு வேறு ஆளிடம் கை நீட்டப் போனார். அடுத்த மாதங்களில் அவர் வரவில்லை. வேறு இடத்துக்குப் போகிறார் என்று தெரிந்தது.

அக்டோபர் கடைசியில் லாவண்யா அவளை ஊசி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டி, "முதல்ல எனக்கு எடு" என்றாள். வீணா எடுத்தாள். லாவண்யா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாளையிலிருந்து உள்ளே வா, வாரம் ஒரு தடவை என்னிடம் காட்டு என்றாள்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணா ரேஞ்சுக்குப் போனாள். அங்கே இருந்த தன் அலமாரியைக் காலி செய்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். டிரேவரைத் தவிர யாரும் இல்லை. கனப் பிஸ்டலுக்கு முன்னால் சுட்டுக்கொண்டிருந்த தன் சொந்தப் பிஸ்டலைக் கையில் எடுத்தவள், எடுத்ததற்கு ஒரு குண்டு சுட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தாள். எடையே இல்லாதது போல் கை மேலே போனது. முன் சைட் பள்ளத்துக்குள் வந்து நின்றது. ஆணி அடித்தது போல் நின்றது. பத்து. அடுத்ததும் பத்து. அறுபது குண்டும் சுட்டு முடித்தாள். 569. இத்தனை வருடத்தில் அவள் அடித்ததிலேயே அதிகம்.

டிரேவர் பின்னால் வந்து நின்றிருந்தார். அவரும் எண்ணைப் பார்த்தார். இருவருக்கும் தெரியும், இந்த எண்ணை எங்கேயும் எழுத முடியாது. எந்தப் போட்டியிலும் இந்தக் கையோடு அவள் நிற்க முடியாது.

"மாத்திரை தின்னா சுடக் கூடாது. சுடணும்னா திங்கக் கூடாது" என்றாள் வீணா. "எது என் கைன்னே எனக்குத் தெரியல டிரேவர்."

அவர் கீழே சிதறியிருந்த காலிக் குண்டு டப்பாக்களைப் பொறுக்கினார். பிறகு, அடுத்த ஞாயிறு வருவாயா என்று கேட்டார். சும்மா சுடுவதற்கு யாரும் தடுக்கப் போவதில்லை என்றார். தெரியவில்லை என்றாள் வீணா. அலமாரியைக் காலி செய்யவும் இல்லை, பூட்டவும் இல்லை. அதன் கதவை ஒருக்களித்துவிட்டு வெளியே வந்து, ஸ்கூட்டரைக் கிளப்பாமல் அதன்மேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.