பதினேழாம் கட்டிலின் வலப்பக்கம்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் டீ குடிக்கப் போன இடத்தில் அழகேசன் சொன்னது. மருத்துவமனைகளுக்கு அறைகலன் செய்யும் கம்பெனியில் பொருத்துகிற வேலை அவருக்கு. சக்கரம் வைத்த அலமாரி, வேண்டியபடி கழற்றி மாட்டும் இழுப்பறைகள், இழுத்தால் கட்டிலாக விரியும் நாற்காலி. எழுதுகிறவன் என்று தெரிந்தால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பெரும்பாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். இதை அப்படி விட முடியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அழகேசன் கடைசித் திருகாணியை முடுக்கியபோது பதினேழாம் கட்டிலில்—’

அடித்துவிட்டேன். வேலை அவருடையது, வலி வேறொருவருடையது. பூவம்மாவிடமிருந்து தொடங்குகிறேன்.

2

பூவம்மா தினமும் காலையில் ஈசூனிலிருந்து ரயிலேறி மருத்துவமனைக்கு வந்துவிடுவாள். கணவர் மாணிக்கம் பக்கவாதம் வந்து நாலு நாளாகப் படுத்திருந்தார். (பதினொரு நாள் என்று எழுதிப் பார்த்தேன், கூடுதல் உருக்கமாக இருந்தது. அழகேசன் சொன்னது நாலுதான்.) கட்டிலின் இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்து, செயலிழந்த அவருடைய இடக்கையை மடியில் வைத்து நீவிவிடுவாள். அவர் முகம் வலப்பக்கச் சன்னலையே பார்த்திருந்தது. ஒருமுறைகூட அவள் பக்கம் திரும்பவில்லை.

காரணம் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். விழுந்த அன்று காலை, பிரஷர் மாத்திரை போடாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம், “விழுந்து கிடந்தாத்தான் உங்களுக்குப் புத்தி வரும்” என்று சொல்லியிருந்தாள். அரை மணி நேரத்தில் குளியலறையில் விழுந்துவிட்டார். அந்த வாயை அதற்குப் பிறகு அவர் முன்னால் அவள் திறக்கவே இல்லை.

“பூவம்மா இன்னைக்கும் வரலையா மிஸ்ஸி?” என்று அவர் தாதி சுதாவிடம் குழறலாகக் கேட்டார். இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள் என்று சுதா காட்டியும் திரும்பவில்லை. பக்கத்தில் இருப்பவளைக் குத்திக்காட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு, பூவம்மா கழிவறைக்குப் போய் அழுதாள்.

(மறுபக்கம் போய் நின்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். சுவரில் பதித்த பழைய அலமாரி அங்கே வழியை அடைத்திருந்ததாம். அது பாதிக் காரணம். கோபமாக இருப்பவரின் முகத்துக்கு நேரே போய் நிற்க அவளுக்குத் தைரியம் வரவில்லை என்பது மீதி. மீதியை நான் சேர்த்தேன்.)

3

பழைய அலமாரியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தத்தான் நாலாம் நாள் அழகேசன் அந்த வார்டுக்கு வந்திருந்தார். அவரை வைத்து எனக்கு ஒரு சபலம் வந்தது. இரக்கப்பட்டு அவரே நாற்காலியை மாற்றிப் போட்டதாக எழுதலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். நாற்காலி இடம் மாறியது வெறும் கைத்தவறுதானாம். வரைபடத்தில் அலமாரி நோயாளியின் வலப்பக்கம் என்று இருந்தது. அழகேசன் கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி தன்னுடைய வலப்பக்கம் பொருத்திவிட்டார். நாற்காலி எதிர்ப்பக்கம் போயிற்று.

வெளியே காத்திருந்த பூவம்மா திரும்பி வந்து, நாற்காலி கிடந்த இடத்தில் தலைகுனிந்து உட்கார்ந்தாள்.

“இப்பதான் வர்றியா?” என்றார் மாணிக்கம். “நாலு நாளா எங்கேம்மா போன?”

அவள் நிமிர்ந்தாள். அந்த முகத்தில் கோபம் துளியும் இல்லை. காணாமல்போனவள் கிடைத்துவிட்ட சந்தோஷம் மட்டும் இருந்தது.

சுதா வந்து விளக்கினாள். பக்கவாதத்தில் மூளை பாதிக்கப்பட்டதால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் முதல் நாளே வேகமான ஆங்கிலத்தில் சொன்னதும், பூவம்மா புரிந்ததுபோலத் தலையாட்டியதும் அப்போதுதான் எல்லாருக்கும் நினைவுக்கு வந்தன.

4

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் நல்லது. அழகேசனின் மேற்பார்வையாளர் ரியாஸ் வந்துவிட்டார். எல்லாக் கட்டிலுக்கும் ஒரே அமைப்புதான். அவசரத்தில் தாதியின் கை தேடாமல் இழுப்பறைக்குப் போகவேண்டும். உடனே மாற்றச் சொன்னார்.

முதல் முடிவு: ரியாஸ் மனமிரங்கி— (இல்லை. அவர் சொன்னதில் தப்பே கிடையாது.)

இரண்டாம் முடிவு: பூவம்மா அழுது, காலில் விழப்போய்— (அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

நடந்தது இது. அவள் சுதாவிடம் எந்தப் பக்கம் இருந்தால் அவருக்கு நல்லது என்று கேட்டாள். சுதா தயங்கித்தான் சொன்னாள். இடப்பக்கம் இருந்து பேசிக்கொண்டே இருந்தால் மூளை அந்தப் பக்கத்தைத் தேடப் பழகும். நாளாகும். பழகாமலும் போகலாம்.

பூவம்மா கணவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆசைதீரப் பார்த்தாள்.

“மாத்திடுங்க தம்பி,” என்றாள். “நான் அங்கேருந்து கூப்பிடுறேன். அவர் வரட்டும்.”

பத்து நிமிட வேலை. அழகேசன் காலி அட்டைப்பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்குப் போனார். கதவு மூடும்வரை அவள் குரல் கேட்டதாம்: “என்னங்க, நான் இங்கதான் இருக்கேன். இந்தப் பக்கம். என்னங்க.”

அதற்குமேல் அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறேன்:

‘குரல் வரும் திசையைத் தேடி, மாணிக்கம் தலையணையில் மெல்லத் தலையை—’

முடிக்க எனக்குத் துணிவில்லை, நீங்கள் முடியுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவரை அவள் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள்.